வஞ்சி திரும்பும் இடங்கள்

மோட்டார் நிற்கிறவரை ரெக்கார்டிங் கிடையாது, இருபது நிமிஷமாவது ஆகும், டேங்க் வழிந்து தகரத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டால்தான் மேல்வீட்டம்மா ஸ்விட்சை அணைப்பார், வெளியே வந்து ஃபேனுக்கடியில் உட்காரும்மா என்றார் ஜெபராஜ் அண்ணன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. பரவாயில்லண்ணே, இங்கேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே போனால் கீர்த்திவாசன் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவன் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை, சிரித்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன், சண்டை எனக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அவன் ரொம்பப் பதவிசாக, மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு, “நீதான் எழுதின குழலி” என்றான். மார்ச் மாசம் மெயில் அனுப்பினாயே, நாற்பது வரி, அதேதான், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை என்றான். அதற்கு முந்தின நிமிஷம்தான் நான் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கி, கையிலிருந்த தாளை ஆட்டி, இதெல்லாம் எந்த ஆம்பளையோட மூளைல உதிச்சது, அந்த ஆளைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும் என்று கேட்டிருந்தேன். கேட்டேனே. அவ்வளவு சத்தமாக. கம்பளம் ஒட்டின இந்த நாலு சுவருக்குள் எதுவும் எதிரொலிக்காது, வாயிலிருந்து விழுகிற சத்தம் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும், என் கேள்வியும் இங்கேதான் எங்கேயோ காலடியில் கிடக்கிறது. கம்பளத்தில் ஈரக் கால்களின் நாற்றம். பேசும்போது ஏ.சி. போட்டால் அந்த இரைச்சலும் பதிவாகும் என்று அணைத்துவிடுகிறார்கள், சரி, மோட்டார் ஓடும்போதாவது போடலாமே, போட மாட்டார்கள், முதுகில் ஒரு வியர்வைக் கோடு இறங்கி இடுப்புக் கயிற்றில் வந்து நிற்பது தெரிகிறது. ஹெட்ஃபோனின் பஞ்சு உதிர்ந்து கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டுகிறது, அதில் இந்த வருஷம் வந்துபோன அத்தனை தலைகளின் எண்ணெயும் இருக்கிறது, தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், பெயர் தெரியாத ஜெல். மைக்குக்கு முன்னால் வட்டமாக ஒரு வலை, மூச்சு மோதாமலிருக்க. காலையில் மாறனுக்குப் பேசிவிட்டுப் போன ஆளின் எச்சில் அதில் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருக்கிறது, அதற்கு நாலு விரற்கடை தள்ளி என் வாய். காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டு, குமட்டலை விழுங்கிக்கொண்டு, அம்மா தேடும், திரும்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தேடும். சொல்கிறவள் வஞ்சி. அவளுக்கு வயது இருபத்து மூன்று, படகு எஞ்சின் மெக்கானிக், ஏழுகரை என்கிற இல்லாத ஊரில் இருக்கிறாள். கீர்த்தி என் துறையில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவன், படிப்பு முடிந்ததும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்த வீடியோ கேமைச் செய்கிறான், ஏழுகரைதான் அதன் உலகம். மாறனாகவும் விளையாடலாம், வஞ்சியாகவும் விளையாடலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விளம்பரம் போட்டிருக்கிறான். எங்கே வேண்டுமானாலும். இந்த வார்த்தையை எந்தக் கேம்காரன் போட்டாலும் அது பொய். கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு பெரிய உலகத்தை வரைந்தாலும் ஓரிடத்தில் அது முடிந்தாக வேண்டும், முடிகிற இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் எம்.ஏ. ஆய்வேடு, நூற்றுப்பத்துப் பக்கம், என்னைத் தவிர யாரும் முழுசாகப் படிக்கவில்லை, வழிகாட்டி அட்டையையும் பொருளடக்கத்தையும் படித்தார். சிலர் கண்ணாடிச் சுவர் வைக்கிறார்கள், வெறும் காற்றில் போய் முட்டி ஆள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பான், கால் மட்டும் போகும். சிலர் சுற்றிலும் கடலைக் கொட்டி நீந்தினால் சுறாவை விடுகிறார்கள். சிலர் சுறாவுக்குக்கூட மெனக்கெடாமல் நீந்தட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், நீந்தி நீந்தி நமக்கே வெறுத்துப்போகும். செங்குத்து மலை. புயல். எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட ஊரே எதிரே வந்து நிற்கிற பாலைவனம். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, பூஜ்யம் வந்ததும் எங்கிருந்தோ சுட்டுத் தள்ளுகிற எச்சரிக்கை. விமானத்தில் போனால் எஞ்சின் தானாக அணைந்து விழுவது. இதிலெல்லாம் எனக்குப் பெரிய மனக்குறை கிடையாது. சுவர் என்றால் சுவர். இடித்துக்கொண்டால் கட்டினவனைத் திட்டலாம், ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். என் குமட்டலெல்லாம் ஒரே ஒரு முறையைப் பற்றித்தான்: எல்லைக்கு வந்ததும் அந்த ஆளின் வாயாலேயே, போதும், திரும்பிடலாம் என்று சொல்லவைத்து, கேமராவைத் திருப்பி, ஏதோ அவனே ஆசைப்பட்டுத் திரும்பின மாதிரி நடக்கவைப்பது. துறைக் கருத்தரங்கில் இதைப் பற்றி நாற்பது நிமிஷம் கத்தினேன். சுவரை வெளியே வைக்கிறவன் வெறும் முரடன், தொண்டைக்குள் வைக்கிறவன் அயோக்கியன் என்றேன். கைதட்டினார்கள். ஒரு பேராசிரியர் உச்சுக்கொட்டினார், அது எனக்குக் கைதட்டலைவிட இனித்தது. முடிந்ததும் கீர்த்தி காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னான், எங்கள் கேமில் வாயால்தான் திருப்புகிறோம், வேறு வழியில்லை, கண்ணாடிச் சுவர் வைத்தால் கேமில் கோளாறு என்று நினைத்து ஒற்றை ஸ்டார் போட்டுவிடுவார்கள், நீயே அந்த வரிகளை எழுது, குரலும் நீயே கொடு, கேவலமாக இல்லாமல் இருக்கட்டும். கேவலமாக இல்லாமல். இந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் என்னிடம் வந்தான், பாவம்.

பறக்கும் ரயிலில் எழுதினேன். சேப்பாக்கத்தில் ஏறி வேளச்சேரியில் இறங்குவதற்குள் மாறனுக்கு இருபது வரி, மறுநாள் அதே வண்டியில் வஞ்சிக்கு இருபது, ஃபோனிலேயே தட்டித் தட்டி. நிற்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் எழுதினேன். ரயிலில் ஒரு பாட்டும் வரவில்லை, ஒரு சண்டையும் நடக்கவில்லை, யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. இதை நான் எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது, யாரும் எழுதவைக்கவில்லை. இன்று காலையில் நான் வந்ததும் ஜெபராஜ் அண்ணன், வேகம் பிடிபடட்டும் என்று மாறனின் குரலை என் காதில் ஓட்டிக் காட்டினார். இங்க ஒண்ணுமில்ல. சலிச்சுப்போச்சுப்பா. பசிக்குது, மொதல்ல சோறு. சரி விடு, இன்னொரு நாள் பாத்துக்கலாம். அந்தப் பக்கம் போய் என்ன கிழிக்கப் போறோம். வெயில் மண்டையைப் பொளக்குது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், அதையும் சொல்லியாக வேண்டும், காதில் கேட்டபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்புறம் வஞ்சியின் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தேன். அம்மா தேடும், திரும்பிடலாம். முதல் டேக்கிலேயே ஓகே. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும். ஓகே. இந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்ல. ஓகே. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க. ஃபோன் எடுக்கலைன்னா பயந்துடுவாங்க. தெரிஞ்சவங்க கண்ணுல பட்டா வம்பு. பதினொரு வரி, பதினொன்றும் ஒரே டேக்கில். பதினொன்று முடிந்ததும் ஜெபராஜ் அண்ணன் பொத்தானை அழுத்தி, “ரொம்ப நேச்சுரலா இருக்கும்மா, எம்பொண்ணு பேசுற மாதிரியே இருக்கு” என்றார். நல்ல மனிதர். இருபது வருஷமாக சீரியல் டப்பிங் பார்த்தவர், எளிதில் யாரையும் பாராட்ட மாட்டாராம். அந்த நேச்சுரல் என்கிற வார்த்தை வந்து மேலே விழுந்ததும்தான், பஸ் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்க்கிற மாதிரி, தாளைக் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டாவது வரி: தனியா இவ்ளோ தூரம் வந்தது தெரிஞ்சா அவ்ளோதான். தெரிந்தால், யாருக்கு? நான் எழுதினதை ஆபீஸில் எவனோ மாற்றிவிட்டான் என்று நினைத்துத்தான் அப்படிக் கத்தினேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மாறன் திரும்புகிற இருபது இடங்களிலும் மாறனுக்குத்தான் ஏதோ வேண்டியிருக்கிறது, சோறு, நிழல், வேறு வேலை. வஞ்சி திரும்புகிற இருபது இடங்களிலும் வேறு யாரோ இருக்கிறார்கள், ஆளே இல்லை என்கிற வரியில்கூட வந்துவிடக்கூடிய ஒரு ஆள். ஒன்றாவது தப்பியிருக்கும் என்று தேடினேன், பதினேழாவதில் செருப்பு வருகிறது, ஆகா, செருப்பு என்றால் அவள் கால், அவள் வலி என்று மேலே படித்தேன்: செருப்பு அறுந்துடுச்சு, வீட்ல என்னன்னு சொல்றது. இருபதுக்கு இருபது. பரீட்சையில்கூட நான் இவ்வளவு சுத்தமாக வாங்கினதில்லை.

வீட்டில் என்ன சொல்வது. என் வீட்டில் என்ன கேட்டார்கள்? இதுதான் சதைக்குள் மாட்டின முள் மாதிரி எந்தப் பக்கம் அசைந்தாலும் குத்துகிறது. என் அம்மா மயிலாடுதுறையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிற அம்மா. எங்கே போகிறாய் என்று கேட்டதைவிடச் சாப்பிட்டாயா என்று கேட்டதுதான் அதிகம், அதற்கும் பதில் வருவதற்குள் தூங்கிவிடுவாள். அரிச்சல்முனைக்குப் போயிருந்தோம், பி.ஏ. இரண்டாம் வருஷம், முப்பது பேர். ரோடு ஒரு வட்டத்தில் போய் முடிகிறது, வட்டத்துக்கு நடுவே தூண், சுற்றிலும் குட்டைச் சுவர், சுவரைத் தாண்டினால் மணல், மணல் ஒடுங்கி ஒடுங்கி இரண்டு பக்கமும் கடல் நெருங்கிக்கொண்டே போகிற ஒரு நாக்கு. பையன்கள் இறங்கிவிட்டார்கள். ஃபர்ஸானாவும் சுடிதாரை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள், திரும்பிப் பார்த்து வாடி என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்குக் காலைவரை எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மா ஃபோன் பண்ணுவாங்கடி, நான் பையெல்லாம் பாத்துக்குறேன், நீங்க போங்க என்றேன். கையில் ஃபோன் இருந்தது. அதில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அங்கே யாருக்குமே இல்லை, அதைப் பற்றித்தான் வேனில் வரும்போது எல்லோரும் புலம்பிக்கொண்டு வந்தார்கள். எவராலும் கூப்பிட முடியாத ஓரிடத்தில், கூப்பிடும் பழக்கமே இல்லாத ஒரு அம்மாவைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு, பதினாறு பைகளுக்குக் காவலாக முக்கால் மணி நேரம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். மீன் காய்ந்த வாடை. யாரோ சாப்பிட்டுப் போட்ட அன்னாசித் தோலில் ஈ. அவர்கள் தொடைவரை நனைந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள், என்னடி இருந்தது என்று கேட்டேன், ஒண்ணுமில்ல, மணல்தான், சப்புன்னு இருந்துச்சு என்றாள் ஃபர்ஸானா. போய்விட்டு வந்தவர்கள்தான் அப்படிச் சொல்லலாம். நான் எப்படிச் சொல்ல முடியும், எனக்கு இன்றைக்கும் அங்கே ஏதோ இருக்கிறது. அன்று சாயங்காலம் ராமேஸ்வரம் லாட்ஜில் ஃபர்ஸானா என் ஃபோனைப் பிடுங்கி அம்மாவைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டாள், ஆன்டி, நீங்க தேடுவீங்கன்னு இவ கடல்கிட்டகூட வரல என்றாள். “என்னை ஏம்மா இழுக்குறா, நான் வார்டுல இருந்தேன், இவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது” என்றாள் அம்மா. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. சிரித்துவிட்டு, அப்புறம் மூன்று வருஷம் கழித்து, ரயிலில் நின்றுகொண்டு, அதே அம்மாவைக் கொண்டுபோய் ஏழுகரையின் நாலு திசையிலும் நிறுத்திவிட்டேன். வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தவளை.

இருக்கட்டும். என் பக்கம் வாதமே இல்லையா? இருக்கிறது. எனக்கு எப்போதும் இருக்கும். பயம் என்ன என் கற்பனையா? வேளச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் போன தீபாவளிக்கு முன்னால் என் பின்னாலேயே ஒருத்தன் இறங்கினான், நான் நின்றால் நின்றான், நான் ஃபோனை எடுத்தால் அவனும் எடுத்தான், கடைசிப் படியில் முழங்கை படுகிற மாதிரி உரசிவிட்டு, ஸாரி மேடம் என்று சொல்லிப் போனான், அந்த மேடம் இன்னும் தோலில் பிசுபிசுக்கிறது. ஆள் நடமாட்டமே இல்ல என்று ஒருத்தி சொன்னால் அதில் பொய் என்ன இருக்கிறது. கீர்த்தி இப்போது வந்து, யதார்த்தமா இருக்குன்னுதானே எடுத்தோம் என்று சொன்னால் என்ன பதில் சொல்வேன். சொல்லத்தான் போகிறான். யதார்த்தம். சரி, ஏழுகரையின் யதார்த்தத்தைப் பார்ப்போம். வஞ்சி கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து குதித்து எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போவாள். ஒற்றைத் துடுப்பால் பதினோரு கடத்தல்காரர்களை அடித்துப் போடுவாள், நடுராத்திரி சுடுகாட்டு வழியாகப் பைக் ஓட்டுவாள். வடக்கே பாதி கட்டின பாலத்துக்கு வந்ததும், யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க. யார் பார்ப்பார்கள்? அங்கே யாரையும் வரையவில்லை. எனக்குத் தெரியும், மேப்பைத் திறந்து காட்டியிருக்கிறான், எல்லையிலிருந்து இருநூறு அடிக்கு ஒரு ஆள் இல்லை, ஆடு இல்லை, காக்கா இல்லை, யாரும் போகப் போவதில்லையே என்று புல்லைக்கூட ஒரே படத்தை ஒட்டி ஒட்டி நிரப்பியிருக்கிறார்கள். படிக்கட்டில் உரசினவனை அங்கே நிறுத்தியிருந்தால்கூட ஒரு நியாயம், துடுப்பால் ஒரு சாத்து சாத்திவிட்டு மேலே போகலாம். அந்த வெட்டவெளியில் பயப்படுவதற்கென்று இருக்கிற ஒரே பொருள் என் வரிதான். அதுவும் எத்தனை தடவை. எல்லையைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் இருபதில் ஒன்று ஒலிக்கும். இந்த மாதிரி கேமில் யாராக இருந்தாலும் முதல் வேலையாக ஓரத்துக்குத்தான் ஓடுவார்கள், கதை கிதை எல்லாம் அப்புறம். ஜனவரியில் ஒரு கண்காட்சியில் பாதி முடிந்த கேமை வைத்திருந்தான், பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண், ஏழாவதோ எட்டாவதோ, இரட்டைப் பின்னல், வஞ்சியைத் தேர்ந்தெடுத்தாள், ஊருக்குள் ஒரு வீட்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நேரே பாலத்துக்கு ஓட்டினாள். அப்போது குரல் சேர்க்கவில்லை, வெறும் கண்ணாடிச் சுவர்தான். வஞ்சி முட்டி நின்ற இடத்திலேயே நடந்தாள். அந்தப் பெண் விடவில்லை. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம், குதித்து, குனிந்து, பின்னால் போய் ஓடிவந்து, பத்து நிமிஷம் அந்தச் சுவரையே தடவிக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்து தோளைப் பிடித்து எழுப்புகிறவரை அவள் முகத்தில் துளி சலிப்பு இல்லை. அடுத்த மாசம் அவள் வீட்டுக்குப் போய் இதை இறக்கிக்கொண்டால் சுவரைத் தடவ வேண்டியதே இருக்காது, தொடுவதற்கு முன்னாலேயே நான் அவள் காதில் சொல்லிவிடுவேன். மிக நேச்சுரலாக. வாயைத் திறந்து இதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதென்றால் கீர்த்தியிடம், ஜெபராஜ் அண்ணனிடம், நான் தேடிய ஆள் நான்தான் என்று சொல்ல வேண்டும், இதுவரை ஒரு வாதத்திலும் நான் தோற்றதாக யாரும் பார்த்ததில்லை, என் பெயரைச் சொன்னாலே, ஐயோ அவளா, விட மாட்டாளே என்பார்கள், அந்தப் பேரை வைத்துத்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அல்லது மிச்சம் ஒன்பது வரி, ஒன்பது டேக், பத்து நிமிஷம். கீர்த்தி வெளியே சொல்ல மாட்டான். யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஒரு மணிக்கு சீரியல்காரர்கள் வந்துவிடுவார்கள், இதற்கப்புறம் தேதி இல்லை, இன்று ராத்திரி, இனி எதையும் மாற்ற முடியாதபடி கேமைப் பூட்டி அனுப்புகிறார்கள். ஒன்பது வரி. சொல்லிவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். எச்சில் வலை. என் எச்சிலும் இப்போது அதில் இருக்கும், பதினொரு வரியின் எச்சில், ஈரமாக.

தகரத்தில் தண்ணீர் கொட்டுகிறது. மேலே யாரோ செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். மோட்டார் இருமி, இழுத்து, நின்றது. நின்றதும் அறை இன்னும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. காதில் ஜெபராஜ் அண்ணன், போலாமாம்மா, பன்னெண்டாவது என்றார்.

“இல்லண்ணே. மாறனோட பேப்பர் இருக்கா? அதைக் குடுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீர்த்தி நாற்காலியைத் திருப்பினான். எதுக்கு என்றான். வஞ்சியின் இருபதையும் தூக்கிவிடு, மாறனுடைய இருபதையும் நான் பேசித் தருகிறேன், ஆள்தான் வேறு, இடம் அதே இடம்தானே என்றேன். பூட்டப் போகிற நாளில் இது என்ன விளையாட்டு என்றான். மார்ச்சிலேயே ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம், மூன்று பொண்ணுங்களும் படிச்சாங்க, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லையே என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாத குரல்.

“எழுதின எனக்கே தோணல கீர்த்தி. கேவலமா எழுதியிருக்கேன். நான்தான் எழுதினேன், நானே சொல்றேன்.” சொல்லிவிட்டேன். கம்பளம் விழுங்கிக்கொண்டது. ஜெபராஜ் அண்ணன் ஏதோ வயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். கீர்த்தி கடிகாரத்தைப் பார்த்தான், திரையில் ஓடுகிற எழுத்தையும் மாற்ற வேண்டும், அதற்கு ஒருத்தனை இப்போதே உட்கார வைக்க வேண்டும் என்று முணுமுணுத்தான், ஒரு மணிக்குள் முடியாவிட்டால் பழைய பதினொன்று மட்டும்தான் போகும், அதை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவேன், அப்புறம் என்னைத் திட்டாதே என்றான். அரை மணி நேரம் இருந்தது. கதவைத் திறந்து தாளை நீட்டியபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இங்க ஒண்ணுமில்ல. மூன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்கிற வரி. மைக்கைப் பார்த்து நின்று சொன்னேன். ஜெபராஜ் அண்ணன் அதை ஓட்டிக் கேட்டார். அப்புறம், “பயந்த மாதிரி இருக்கும்மா” என்றார். திரும்பச் சொன்னேன். இப்போது யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாவதில் கேள்வி கேட்கிற மாதிரி. நாலாவதில் வேண்டுமென்றே முரட்டுத்தனமாகச் சொன்னேன், அது சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது, எனக்கே கேட்டது. பதினொரு வரி ஒரே டேக்கில் வந்த வாய்க்கு இந்த இரண்டு வார்த்தை வரவில்லை. காலை எப்படி வைத்துக்கொண்டு சொல்வது, தோளை எங்கே வைப்பது, இதை எங்கிருந்து சொல்வார்கள் என்றே தெரியவில்லை, எங்கேயாவது கடைசிவரை போய், சுற்றிப் பார்த்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் எதிலிருந்து திரும்பியிருக்கிறேன், யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு சினிமாவில் இடைவேளையோடு எழுந்து வந்தேனா, அதுகூட லேட்டாகிவிட்டது என்று சொல்லித்தான். ஐந்து. ஆறு. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. ஏழாவது முடிந்ததும் தண்ணீர் குடித்தேன், பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வெந்த ருசி. எட்டாவது கிட்டத்தட்ட அழுகை. கீர்த்தி, மணி பன்னெண்டே முக்கால் என்றான். எனக்கு வெறுத்துவிட்டது. ஹெட்ஃபோன் பிசுக்கு, கால் நாற்றம், அடுத்தவன் எச்சில், என் எச்சில், வரியைவிட வரியைச் சொல்கிற என் குரல், இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று நூறு தடவை சொல்லியும் ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற அந்தக் குரல், அதன் பசப்பு, எல்லாமே ஊசிப்போய் வாயில் நின்றது. மதியத்துக் குழம்பைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்போமே, யாரிடமும் எதுவும் விளக்காமல், அப்படிச் சொன்னேன். இங்க ஒண்ணுமில்ல.

ம், இது, என்றார் ஜெபராஜ் அண்ணன். கேக்குறியா என்று காதில் ஓட்டினார்.

ஒருத்தி கடைசிவரைக்கும் போயிருக்கிறாள். நின்று பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் காரணமாகச் சொல்லவில்லை. குரலில் லேசாக ஒரு அசிங்கம் இருந்தது, மூக்கைச் சுளித்த மாதிரி, அழகாகவே இல்லை. அவளை எனக்கு முன்னே பின்னே தெரியாது.

“இன்னொரு தடவை போடுங்கண்ணே.”

“இன்னும் பத்தொம்போது இருக்கும்மா. சீரியல்காரங்க வந்து வாசல்ல செருப்பு கழட்டுறாங்க.”

“போடுங்கண்ணே” என்றேன்.